முதுகில் சோலார், கையில் அணைந்த போன்

(நம் குடியிருப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அடுத்த மாதம் நம் பிள்ளைகள் கொல்லிமலையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். ஆளுக்கொரு சோலார் பவர் பேங்க் வாங்கலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள். "சார், நீங்க மின்வாரியத்துல இருந்தவர், பத்து நிமிஷம் பேசுங்க" என்றார் செயலாளர். மின்வாரிய அனுபவத்தைவிட, நான் பட்ட அனுபவம்தான் இதற்கு உதவும்.

போன வருஷம் நானும் என் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் வெள்ளியங்கிரி ஏறினோம். முதுகில் சோலார் பலகை ஒட்டிய 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தேன். வெயிலில் தானே ஏறிக்கொள்ளும் என்று வீட்டில் சார்ஜ் போடவில்லை. இரண்டு நாள் பால்கனியில் வைத்தேன், அவ்வளவுதான். இத்தனை வருஷம் மின்சாரத்தோடு இருந்தவன் செய்கிற வேலையா அது!

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு ஏற ஆரம்பித்தோம். அங்கே பெரும்பாலானோர் இரவில்தான் ஏறுவார்கள். இரவில் சோலார் எதற்கு என்று அப்போது தோன்றவே இல்லை. போன் டார்ச்சிலேயே ஏழு மலையும் ஏறினோம். காலையில் இறங்கும்போது கூட்டத்தில் மச்சான் பிரிந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையும் பிஸ்கட்டும் என் பையில். அவர் போன் அணைந்துவிட்டது, என்னுடையதில் 4 சதவீதம். பவர் பேங்கைப் பைக்கு வெளியே தொங்கவிட்டு மூன்று மணி நேரம் இறங்கினேன். போனில் ஒரு சதவீதம்கூட ஏறவில்லை.

வெள்ளை விநாயகர் கோயில் பக்கத்துக் கடையில் அவரைக் கண்டுபிடித்தோம். வியர்த்துக் கொட்டி உட்கார்ந்தவருக்குக் கடைக்காரர் சர்க்கரை கரைத்துக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார். போனும் கொடுத்திருக்கிறார். ஆனால் மச்சானுக்கு என் நம்பர் மனப்பாடமில்லை. நமக்கெல்லாம் யார் நம்பர் தெரிகிறது?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 10,000 எம்.ஏ.எச். பேட்டரி 3.7 வோல்ட்டில் 37 வாட் மணி. அதன் முதுகிலிருக்கும் பலகை நல்ல வெயிலில் ஒன்று, ஒன்றரை வாட் தரும். வீணாவதையும் சேர்த்தால் முழுதாக ஏற முப்பது மணி நேரத்துக்கு மேல் வெயில் வேண்டும். தினம் ஐந்து மணி நேரம் நேர் வெயில் என்றாலும் ஆறேழு நாள்! பால்கனி கம்பியின் நிழல் விழுந்தால் அதுவும் இல்லை. செல்களைத் தொடராக இணைத்திருப்பதால், ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் மற்றவையும் சேர்ந்து சுணங்கும். காட்டு மர நிழலில் நடக்கும்போது கேட்கவே வேண்டாம்.

ஆகவே பிள்ளைகளே, இரண்டு இரவுக்குச் சோலார் வேண்டாம். 20,000 எம்.ஏ.எச். சாதாரண பவர் பேங்க்கை வீட்டுப் பிளக்கிலேயே முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு போனை இரண்டு முறை நிரப்பிவிடும். தனி டார்ச் கட்டாயம். சிக்னல் இல்லாத இடத்தில் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்; டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். குழுவில் ஒரு போன் அணைத்தபடியே பையில் இருக்கட்டும். வீட்டு நம்பரைக் காகிதத்தில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து நாள் கரண்ட் இல்லாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு மடக்குப் பலகை உதவும். 20 வாட் என்று போட்டிருந்தால் 12, 14 வாட் எதிர்பார்க்கலாம். நடக்கும்போது தொங்கவிடாமல், தங்கும் இடத்தில் சூரியனுக்கு நேராகச் சாய்த்து வையுங்கள். வெயில் நகர நகரத் திருப்ப வேண்டும். பகலில் பவர் பேங்கை நிரப்பி, இரவில் அதிலிருந்து போனுக்கு ஏற்றுங்கள். மேகம் வந்து போகும்போது நேரடியாக ஏற்றினால் சில போன்கள் பாதியில் நின்றுவிடும். பவர் பேங்க் மட்டும் பலகைக்கு அடியில், நிழலில் இருக்கட்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது; கார் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். விமானத்தில் போனால் அது கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது.

மச்சான் இந்த வருஷமும் வருகிறேன் என்கிறார். என் அக்காதான் விடவில்லை.

என்னிடம் மடக்குப் பலகை ஒன்று இருக்கிறது. வேண்டுபவர்கள் முந்தின நாளே சொல்லி வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தரும்போது கேபிளையும் சேர்த்துக் கொடுங்கள். போன முறை அது வரவே இல்லை.