பாகற்காய் ஏன் கசக்குது?

மாடித்தோட்டம் பத்திப் பேசினாலே என்கிட்ட வர்ற கேள்வி இது: "பாகல் கொடி நல்லா படருது, மஞ்ச மஞ்சளா பூக்குது, ஆனா ஒரு காய்கூடப் பிடிக்கலை. பிடுங்கிடலாமா?"

பிடுங்காதீங்க. பாகலில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். முதலில் வருவது ஆண்பூக்கள்தான், எண்ணிக்கையிலும் அவைதான் அதிகம். பெண்பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். இதழ்களுக்குக் கீழே குட்டிப் பாகற்காய் மாதிரியே ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். பூவுக்கு ஆயுசு ஒரே நாள். அதுக்குள்ள தேனீ வரணும். உங்க மாடிக்குத் தேனீ வரலைன்னா, காலையிலேயே ஒரு ஆண்பூவைப் பறிச்சு, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்க.

சரி, காய் ஏன் கசக்குது? குக்குர்பிட்டேன் வகை வேதிப்பொருள்கள்தான் காரணம். கடிக்க வர்றவங்களைத் தடுக்கச் செடி வெச்சிருக்கிற காவல் அது. நாம சமைப்பது முற்றாத பிஞ்சை. உள்ளே விதை இன்னும் தயாராகலை. ஒரே ஒரு காயைப் பறிக்காம விட்டுப் பாருங்க. ஆரஞ்சு நிறத்தில் பழுத்து, நுனியிலிருந்து மூணாக வெடிச்சு விரியும். விதையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு சதை இருக்கும், அது இனிக்கும்! பறவைக்கான அழைப்பு அது. விதை பரவணும் இல்லையா? விதையின் ஓரம் யாரோ கடிச்ச மாதிரி இருக்கும். மொமோர்டிகா என்ற தாவரப் பெயரே, 'கடி' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இப்போ முக்கியமான விஷயம். கசப்பு சர்க்கரையை விரட்டும்னு நம்பி, மாத்திரையை நிறுத்திட்டுப் பாகற்காய் ஜூஸ் குடிக்கிறவங்க இருக்காங்க. 2012-இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மொத்தம் 479 பேர் பங்கெடுத்த 4 சோதனைகளை அலசியது. இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பாகல் பலன் தரும்னு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. மறுபக்கம், மாத்திரையோடு சேர்த்து தினமும் ஜூஸ் குடிச்சா, சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்பு இருக்கு.

அதனால பொரியலோ பிட்லையோ தாராளமாகச் சாப்பிடுங்க. ஆனா வீட்டில் அப்பாவோ அம்மாவோ தினமும் ஜூஸ் குடிக்கிறாங்கன்னா, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதையும் சொல்லச் சொல்லுங்க. மாத்திரையை மட்டும் அவங்களா நிறுத்த விட்டுடாதீங்க.