மலை தெரிய வேண்டுமானால் கீழே நில்லுங்கள்



மருந்துவாழ் மலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். உச்சியில் கால் வைக்க இடமிருக்காது. எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். பாறை விளிம்பில் ஒருவர் கை விரித்து நிற்பார், பின்னால் கடலும் வானமும். தலைக்கு மேல் ட்ரோன் இரையும். இளம்பிள்ளைகள் மலையேறுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. இதில் மலை எங்கே?

உச்சியில் நின்றால் மலை படத்தில் விழாது. நிற்கிற இடத்தை நாம் எப்படிப் படம் எடுக்க முடியும்? மலை தெரிய வேண்டுமானால் மலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இதை இன்னும் இரண்டொரு தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு இது என்கிற கதையும், நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையும் உங்களுக்குத் தெரிந்தவைதான். நான் பேச வந்தது, சுசீந்திரம் வயல்வெளியிலிருந்து அந்த மலை எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றி. நம் ஊருக்குத் தென்கிழக்கே மலை நிற்கிறது. மார்கழித் திருவிழா நாட்களில் சூரியன் ஏறத்தாழ அந்தப் பக்கமாகத்தான் எழும்பும். காலையில் மலை கறுப்பு விளிம்பாக நிற்கும். சாயங்காலம் மேற்கு வெயில் பட்டுப் பாறை மடிப்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலமானால் ஈரப்பாறை மினுங்கும்.

வைட் லென்ஸ் போட்டு வயலில் நின்று எடுத்தால் தூரத்து மலை கரையான் புற்றாகிவிடும். இப்போதைய செல்போன்கள் எல்லாவற்றிலும் முதலில் திறப்பது வைட் லென்ஸ்தான், அதனால்தான் நம் மலைகள் எல்லாம் படத்தில் குட்டையாகிக் கிடக்கின்றன. நன்றாகப் பின்னால் போங்கள். 200 மில்லிமீட்டர் லென்ஸ் போடுங்கள். முன்னால் நிற்கிற தென்னைக்கும் பின்னால் நிற்கிற மலைக்கும் அப்போதுதான் சரியான அளவு வரும். லென்ஸ் மட்டும் இதைச் செய்துவிடாது. நீங்கள் தள்ளிப் போனதுதான் செய்கிறது. தாணுமாலயன் கோயில் கோபுரம் 134 அடி. பக்கத்தில் நின்று எடுத்தால் கோபுரம் மட்டும்தான் இருக்கும். ஊருக்கு மேற்கே வெகுதூரம் போய், தென்னைகள் விலகுகிற இடமாகத் தேடி நின்று பாருங்கள். கோபுரமும் மலையும் ஒன்றையொன்று அறிந்தவை போல நிற்கும்.

ஒரு ஐப்பசியில், கும்பப்பூ நடவு நேரம், வரப்பில் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தேன். அந்த வயலுக்காரப் பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். "மக்கா, மலைய எடுக்கணும்னா அங்கயில்லா போவணும்? இங்க நின்னு என்னத்த எடுக்க?" என்றார். தண்ணீருக்குள் மலை தலைகீழாகத் தெரிவதைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இப்பந்தான மரமடிச்சிருக்கு, தண்ணி கலங்கிக் கெடக்கு. நாளைக்கு வெள்ளன வா, தெளிஞ்சிரும்" என்று சொல்லிப் போனார். மறுநாள் போனேன். சேறு அடியில் படிந்து, ஒரு கை ஆழத் தண்ணீரில் மலை முழுதாக இருந்தது. காற்று எழும்புவதற்குள் படம் முடிந்துவிட்டது. உழுத மறுநாள், வெயில் ஏறுமுன். எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆன்செல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரைச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. மலையேறத் தெரியாதவர் அல்ல அவர். சியரா நெவாடா மலைகளில் வாழ்நாளெல்லாம் அலைந்தவர். அப்படிப்பட்டவர் 1944ல் எடுத்த குளிர்காலச் சூரிய உதயப் படத்துக்கு நின்றது லோன் பைன் என்ற ஊரின் தரையில்! பனி மூடிய சிகரங்கள் மேலே, கறுத்த குன்றுகள் நடுவில், அடியில் ஒரு கீற்று வெயில் விழுந்த புல்வெளி. அதில் ஒரு குதிரை அவருக்குப் பின்புறத்தைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தது. கடுங்குளிரில் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தவர், வெளிச்சம் பரவிவிடும் என்று தவித்துக்கொண்டிருக்கும்போது குதிரை பக்கவாட்டில் திரும்பியது. எடுத்துவிட்டார். அந்தப் படத்தைப் பாருங்கள், குதிரை சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. ஆனால் மலை எவ்வளவு பெரியது என்று சொல்வது அந்தக் குதிரைதான். கீழே நின்றதால்தான் அது கிடைத்தது. கீழே நின்றதால்தான்.

மருந்துவாழ் மலையில் ஏறத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சொல்கிறேன், பாதி மலையில் நின்றுவிடுங்கள். அங்கே மேலே பார்த்தால் பாறை, கீழே பார்த்தால் குளங்களும் தென்னந்தோப்பும், அதற்கப்பால் கடல். உச்சியில் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்காது. ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முக்காலியையே ஆட்டிவிடும். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை அகல விரித்து, பையைக் கொக்கியில் தொங்கவிடுங்கள்.

சிதறால் குன்றும் நல்ல இடம், 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைச் சாயங்கால வெளிச்சத்தில் பாருங்கள். தாடகை மலையைப் பூதப்பாண்டிப் பக்கம் சாலையில் நின்றே எடுக்கலாம், படுத்திருக்கும் பெண்ணுருவம் தூரத்தில்தான் தெரியும். காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை மறந்துவிட வேண்டாம். கோடையில் காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு படத்துக்காகப் போகாதீர்கள்.

தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்து 2022ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அங்கே மலைக்கு முன்னால் பறவைக் கூட்டம் பறக்க வேண்டும் என்று கை தட்டி விரட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அதுவாகப் பறக்கும்வரை கரையில் உட்கார்ந்திருங்கள்.

ஐப்பசியில் நடவு தொடங்கிவிடும். வயலுக்குடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வரப்பு இளகியிருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். முக்காலிக் கால் நாற்றில் பட்டுவிடக் கூடாது.