ஓசையும் எரிகலவையும்

மோட்டார் சைக்கிளுக்குப் புதிய சைலன்சர் பூட்டிப் பார்க்கும் ஆசை, தாயகத்தை விட்டு எந்த ஊருக்குச் சென்றாலும் நம்மவர்களை விடுவதில்லை. தில்லியில் கரோல் பாக் கடைத்தெருவிலும், பெங்களூரில் ஜே.சி. சாலையிலும் அரைமணி நேரத்தில் பழைய குழாயைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுகிறார்கள். வண்டியின் குரல் கம்பீரமாகிறது. நாமும் மகிழ்ச்சியோடு புறப்பட்டுவிடுகிறோம். ஆனால் வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மற்றப் பாதி கார்புரேட்டரில் காத்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

எஞ்சினுக்கு உணவு பெட்ரோல் மட்டுமன்று, காற்றும்தான். ஒரு கிராம் பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. முழு வலிமை வேண்டும்போது பெட்ரோலின் பங்கு இதைவிடச் சற்று மிகுந்திருக்க வேண்டும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்ததை மெக்கானிக்குகள் ‘லீன்’ என்பார்கள். பெட்ரோல் மிகுந்ததை ‘ரிச்’ என்பார்கள். நாம் இளைத்த கலவை, செறிந்த கலவை என்று வழங்குவோம்.

தொழிற்சாலையில் கார்புரேட்டரை அமைக்கும்போது, அந்த வண்டியின் சொந்த சைலன்சர் எவ்வளவு தடை செய்யும் என்பதையும் கணக்கிட்டே ஜெட்டுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தடை குறைந்த குழாயைப் பூட்டினால் எரிந்த வாயு எளிதில் வெளியேறுகிறது. அதன் இடத்தைப் புதுக் காற்று மிகுதியாக வந்து நிரப்புகிறது. பெட்ரோல் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே கலவை பெரும்பாலும் இளைத்துவிடுகிறது.

இளைத்த கலவையின் தீமை உடனே தெரிவதில்லை. வண்டி சில நாட்களுக்குச் சுறுசுறுப்பாக ஓடுவது போலவே தோன்றும். உள்ளேயோ வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இது பெரும் கேடு. புகை வெளியேறும் வால்வு கருகும். பிஸ்டன் மிதமிஞ்சி விரிந்து சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளவும் கூடும். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது அவ்வாறு பிடித்தால் பின்சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து என்பதால் இதை வெறும் ரசனைக் காரியமாகக் கருதலாகாது.

அறிகுறிகள் சில உண்டு. த்ராட்டிலை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிப்பது ஒன்று. திடீரென்று முறுக்கும்போது எஞ்சின் தயங்கித் திணறுவது மற்றொன்று. ஓய்வோட்டம், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் தானாக ஓடும் வேகம், நிலையின்றி ஏறி இறங்குவது வேறொன்று. வெடியோசையைச் சிலர் வீரத்தின் முழக்கமாகக் கொண்டாடுகிறார்கள். எரியாமல் வெளியே வந்த பெட்ரோல் சூடான குழாயில் எரிவதால் எழும் ஓசையே அது.

சீர்செய்யும் முறைக்கு வருவோம். கார்புரேட்டரைத் தொடுமுன் குழாய் எஞ்சினோடு சேரும் இணைப்பைச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த வண்டியைக் கிளப்பி, இணைப்பின் அருகே தொடாமல் கையைக் காட்டினால் கசிவு புலப்படும். அவ்வழியே வெளிக்காற்று உட்புகுந்தாலும் அதே வெடியோசை எழும். புதிய கேஸ்கெட் போட்டு இறுக்கியதும் குறை தீர்ந்துவிடும் வண்டிகளும் உண்டு.

அடுத்து, கார்புரேட்டரில் எந்த உறுப்பு எப்போது வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். த்ராட்டில் மூடியிருக்கும் நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் திருகும் ஆள்கின்றன. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசி ஆள்கிறது. அதற்கு மேல்தான் மெயின் ஜெட். பலரும் சைலன்சர் மாற்றியவுடன் பெரிய மெயின் ஜெட் ஒன்றை வாங்கிப் போட்டு நிறைவடைகிறார்கள். நகரத்தில் த்ராட்டிலை முழுதும் திறப்பவர் யார்? நாள்தோறும் உழைப்பது பைலட் ஜெட்டும் ஊசியுமே. அவற்றை விட்டுவிட்டு மெயின் ஜெட்டை மாற்றுவது, தலைவலிக்குக் காலில் மருந்து பூசுவதற்கு ஒப்பாகும்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிய பின், பைலட் திருகை மெல்ல உள்ளே முழுதும் திருகிப் பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கலாம். அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் மிக விரைவாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் காண வேண்டும். திருகு காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் உள்ளே திருகும்போது கலவை செறியும். எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே எடுக்கும்போது செறியும். காற்றுத் திருகு ஏறக்குறைய முழுதும் உள்ளே சென்ற பிறகுதான் எஞ்சின் சீராகிறதென்றால், பைலட் ஜெட் சிறியது. அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும்.

நடுத்தர வேகத்தில் தயக்கம் இருந்தால் ஊசியைப் பார்க்க வேண்டும். அதன் தலைப்பில் சில வரிப்பள்ளங்கள் உண்டு. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி உயரும், கலவை செறியும். மெயின் ஜெட்டைக் கடைசியாக, ஒவ்வொரு படியாகவே ஏற்ற வேண்டும். ஒரு வேளையில் ஒரே மாற்றம். அதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம்.

முடிவைச் சொல்வது ஸ்பார்க் பிளக். நெரிசலற்ற ஏற்றத்தில், வேக வரம்புக்குள், சோதிக்கவேண்டிய அளவில் த்ராட்டிலைப் பிடித்துச் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சை அழுத்தி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பிளக் ஆறிய பின் கழற்றிப் பார்த்தால், வெளுத்திருந்தால் இளைப்பு. இளங்காப்பி நிறமென்றால் செம்மை. கரி படிந்திருந்தால் செறிவு.

வெளி மாநிலங்களில் வாழ்வோர் கருதவேண்டியவை இன்னும் உள. கடல்மட்டத்தில் உள்ள சென்னையில் சீர்செய்த வண்டியை, 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருக்குக் கொண்டுசென்றால், அங்கே காற்று ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. சிம்லாவிலோ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கெல்லாம் கலவை தானாகவே செறிகிறது. தில்லியில் மே மாதத்து 40 டிகிரி வெயிலில் அமைத்த வண்டி, ஜனவரி விடியற்காலையின் 5 டிகிரிக் குளிரில் அடர்ந்த காற்றை உண்டு இளைக்கிறது. ஆகவே சென்னை நண்பர் சொன்ன ஜெட் எண்ணை அப்படியே பின்பற்றுவது பொருந்தாது. மேலும், 2025-இல் நாடெங்கும் 20 விழுக்காடு எதனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. அதற்கு வேண்டிய விகிதம் ஏறத்தாழ 13.5 கிராம் காற்று. பழைய கார்புரேட்டரில் இதுவும் கலவையை இளைக்கச் செய்கிறது. இரண்டு இளைப்பும் ஒன்றுகூடுவதை மறக்கலாகாது.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதியின்கீழ் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை மின்னணுக் கருவி அளந்து தெளிக்கிறது. ஆக்சிஜன் உணர்வி ஓரளவு தானே திருத்திக்கொள்ளும். அந்த எல்லைக்கு அப்பால் திருகாணியால் ஆவது ஒன்றுமில்லை.

இறுதியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஒலி, புகை வரம்பை மீறினால் 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் 47-ஆம் பிரிவின்படி புதிய பதிவெண் பெறவேண்டும். அப்போது வண்டியைச் சோதனைக்கு நிறுத்த நேரலாம். ஆதலால் ஒலியை அடக்கும் தகடுகளும் மாசு நீக்கும் கருவியும் நீங்காத, அங்கீகாரம் பெற்ற குழாயையே தேர்ந்தெடுப்போம். கழற்றிய பழைய சைலன்சரைக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து பத்திரப்படுத்துவோம். கலவையைச் சீர்செய்தபின் மாசுச் சோதனை நிலையத்துக்கும் ஒருமுறை சென்று வருவோம். கார்பன் மோனாக்சைடு வரம்பை மீறினால், செறிவு மிஞ்சிவிட்டதென்று அந்தச் சீட்டே கூறிவிடும்.

குழாயை மாற்ற அரைமணி போதும்; கலவையைச் சீராக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். அவற்றை ஒதுக்க இயலாதவர்கள் பழைய சைலன்சரோடு ஓட்டுவதே மேல்.