சணல் முறுக்கும் செம்புக் கம்பியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கரன்கோவிலுக்குள் நுழைந்ததுமே விசைத்தறிச் சத்தம் காதில் விழுகிறது. என் பேச்சும் தறியில்தான் தொடங்குகிறது. நெருக்கி நெய்தால் வேட்டி, இடம்விட்டு நெய்தால் கொசுவலை. இரண்டும் அதே பருத்தி நூல்தான். அமைப்பை மாற்றினோம், துணியின் குணமே மாறிவிட்டது.

மெட்டாமெட்டீரியல் என்று இன்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் சூட்சுமமும் இதுதான். சாதாரணச் செம்பை, அலைநீளத்தைவிடச் சிறிய கம்பிகளாக, வளையங்களாக வரிசைப்படுத்தினால், இயற்கைப் பொருட்கள் செய்யாத விதத்தில் மின்காந்த அலையை அது திருப்பும். 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், ஒரு செம்பு உருளையைச் சுற்றி இத்தகைய அமைப்பை வைத்து, மைக்ரோவேவ் அலை பெருமளவு அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்து காட்டினார்கள். இதையே மெல்லிய ஒரே பரப்பில் செய்தால் மெட்டாசர்ஃபேஸ்.

"அமெரிக்காக்காரன் செய்வான் சார், நமக்கு ஏது?" என்பீர்கள். கொஞ்சம் கல்கத்தாவுக்கு வாருங்கள். பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், உள்ளூர்த் தகர வேலைக்காரரை வைத்தே கருவிகள் செய்து, 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய அலைகளை உண்டாக்கினார். 1898-ல் சணல் நாரை முறுக்கி அலையின் பாதையில் வைத்தார். வலப்பக்க முறுக்கு அலையின் அதிர்வுத் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது. இடப்பக்க முறுக்கு எதிர்ப்பக்கம் திருப்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்யும் அதே வேலை! கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வெளிவந்தது. மெட்டாமெட்டீரியல் வரலாற்றை அந்தச் சணலிலிருந்து தொடங்குபவர்கள் இன்று பலர்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். இங்கேயே படித்து, இங்கேயே பாடம் நடத்தியவன் நான். ஒருநாள் ஒரு மாணவன் வந்து, "சார், மைக்ரோவேவ்ல புதுசா ஏதாவது புராஜெக்ட் பண்ணட்டுமா?" என்றான். "அதெல்லாம் பெரிய ஊர்ச் சமாசாரம் தம்பி, இருக்கிறதைப் பண்ணு" என்று அனுப்பிவிட்டேன். போஸின் சணலைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அந்த வார்த்தை என்னை உறுத்துகிறது.

ஒரு டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர். அதற்கான நுண்ணிய வடிவங்களை இங்கே செய்ய முடியாது, உண்மை. ஆனால் 10 கிகாஹெர்ட்ஸ் அலை 3 சென்டிமீட்டர். ஒரு மரச்சட்டத்தில், பாவு இழுப்பதுபோல், 3 மில்லிமீட்டர் இடைவெளியில் செம்புக் கம்பியைக் கட்டுங்கள். கிளிஸ்ட்ரான் பெஞ்சில் இரண்டு ஹார்ன்களுக்கும் நடுவே அதைப் பிடியுங்கள். கம்பியும் அலையின் மின்புலமும் ஒரே திசையில் இருந்தால் அலை திரும்பிவிடும். சட்டத்தை 90 டிகிரி சுழற்றினால் கடந்து போகும். சந்து வழியாகத்தானே போகும் என்று நினைத்ததற்கு நேர் எதிர்! ஏன் என்று யோசித்தால், கம்பியிலுள்ள எலக்ட்ரான்கள் விடை சொல்லும். மெட்டாசர்ஃபேஸுக்கு அதுதான் அரிச்சுவடி.

சட்டம் தறிப்பட்டறையில் கிடைக்கும். கம்பி மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும். செலவை நான் ஏற்கிறேன். அந்தத் தம்பி இந்த அரங்கில் இருந்தால், முதல் கம்பியை அவன்தான் கட்டவேண்டும்.