நோட்டீஸ் போர்டுக்கு வராத செய்திகள்

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சின்னப் பல்கலைக்கழகங்களில் நம்ம பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். நான் பேராசிரியர் இல்லை. வங்கியில் கிளார்க், கவிதை எழுதுகிறவன். ஊருக்கு வெளியே, பஸ்காரன் நிறுத்தவே யோசிக்கிற ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தவன். கவுண்டருக்கு வெளியே பாஸ்புக்கோடு நின்றிருக்கிறேன். இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்தும் தெரிவதைச் சொல்கிறேன்.

இந்த மாதிரி இடங்களில் வசதி இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. நான் படித்த இடத்தில் நூலகம் இருந்தது. ஆய்வுக்கு உதவித்தொகை இருந்தது. கருத்தரங்குக்குப் போய்வரப் பயணப்படிகூட இருந்தது. இதெல்லாம் இருக்கிறது என்ற செய்திதான் நம்மிடம் வரவில்லை. கடைசித் தேதிக்கு முந்தின நாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அதற்கு முன்பே ஒரு மாதமாக அந்தச் செய்தி சொந்தக்காரர் வீடுகளில், கல்யாணப் பந்திகளில், மாலை நடையில் உலாவி முடிந்திருக்கும். நம்ம அப்பன் ஆத்தாவுக்கு அந்தப் பந்தியில் இலை கிடையாது. யாரும் நம்மைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் விடுவதும் தீண்டாமைதான் தோழர்களே.

பணத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் விடாமல் வலியுறுத்தி வாங்கித் தந்தது அது. யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை இல்லை. 2021 விதிகளின்படி விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு, படிப்பைப் பொறுத்து, ஆண்டுக்கு 4,000 முதல் 13,500 ரூபாய் வரை படிப்புப்படி. தொகை சின்னதுதான். அதுவும் கல்வியாண்டு முடியப்போகிற நேரத்தில் வந்தால் யாருக்கு என்ன பயன்? தேர்வுக் கட்டணம் கட்டுகிற தேதி மட்டும் தள்ளிப்போவதில்லை. அப்போது வட்டிக்காரன் வாசலுக்குப் போகிறவள் அம்மா.

கவுண்டரில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "சார், ஸ்காலர்ஷிப் ஏறியிருக்கா?" என்று பிள்ளைகள் வந்து நிற்கும். ஏறியிருக்காது. அரசுப் பக்கத்தில் அனுப்பியாயிற்று என்று காட்டும். எங்கே போயிற்று? ஆதார் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்து வராது. ஆதாரைக் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். ஊரில் வேறெதற்கோ தொடங்கி மறந்துபோன கணக்கில் அது தூங்கிக்கொண்டிருக்கும். இதைச் சொல்ல இரண்டு நிமிசம் போதும். சொல்ல ஆளில்லாமல் ஒரு பிள்ளை நாலு தரம் பஸ் ஏறி வருகிறது. குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்று உண்டு. கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அம்பேத்கர் வாழ்க்கையே சாட்சி. பரோடா அரசரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியாவுக்குப் போனார். 1916இல் லண்டனுக்குப் போனார். 1917இல் உதவிக்காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அவருடைய சாமான்களை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கியது. திரும்ப லண்டன் போய்ச் சேர 1920 ஆயிற்று. 1923இல்தான் டி.எஸ்சி. பட்டம். அவருக்கே மூன்று வருசம் போயிற்று என்றால், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்ம பிள்ளை ஒரு தடவை விட்டால் திரும்பி வருமா? ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போனார். ஏழு மாத ஃபெலோஷிப், ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய் தனக்கு வரவேண்டும் என்று கடைசிக் கடிதத்திலும் கணக்கு எழுதிவைத்தார். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடிவதில்லை.

விடுதி. தமிழ்நாட்டில் 2023இல் கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப்படியை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார்கள். நாளுக்கு ஐம்பது ரூபாய், மூணு வேளைக்கும் சேர்த்து. 2025இல் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பேர் வைத்தார்கள். பேரில் சாதி போனது நல்லதுதான். ராத்திரி பதினோரு மணிக்குப் படிக்க ஒரு மேசை, ஒரு விளக்கு, அது இருக்கிறதா என்று நாம் கேட்கவேண்டும்.

அடுத்து, எதைப் படிப்பது. வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு 2022இல் ஒரு விதி போட்டார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு என்றால் பணமில்லை. போகலாம், ஆனால் சாதியைப் பற்றி ஆராயப் போகக்கூடாது! இவர்களுக்கு எது வலிக்கிறது என்று இதிலேயே தெரியவில்லையா?

சின்ன இடத்தில் பெரிய காரியம் நடக்காது என்று நினைக்காதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914இல் மறைந்தார். பிறகு பல பத்தாண்டுகள் பாடத்திட்டங்களுக்கு அவரைத் தெரியாது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவர் எழுத்துகளை வெளியிட்டது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்குள் இருந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். உங்கள் ஊர்ச் சேரியில் பாட்டி சொல்கிற கதை, தாத்தா வைத்திருக்கும் பழைய நோட்டீஸ், பறையடிக்கிறவர் கையில் இருக்கிற தாளம், இவையும் ஆய்வுக்குரிய ஆவணங்கள்தான். அவற்றைச் சேகரிக்க வெளிநாட்டு விசா வேண்டாம். ஒரு நோட்டும் பொறுமையும் போதும். மற்றவர்கள் என்ன ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று பார்க்க ஷோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

என்ன செய்யலாம்? மூன்று வேலை சொல்கிறேன். ஒன்று, நமக்கென்று ஒரு நோட்டீஸ் போர்டு. எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பம், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று முதல் வாரத்திலேயே விடுதிச் சுவரில் எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும், நம்மை ஒதுக்கிய பிள்ளைகளும்தான். இரண்டு, தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு கைமாற்று நிதி. வேலைக்குப் போன நாங்கள் போடுகிறோம். உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்டுங்கள். வட்டி கிடையாது. வரவுசெலவை நான் எழுதித் தருகிறேன், அது என் தொழில். மூன்று, படித்துவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் அடுத்து வருகிற இரண்டு பேருடைய பொறுப்பை எடுத்துக்கொள்ளவேண்டும். விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து நூலக அட்டை வாங்குவது வரைக்கும்.

'கற்பி' என்றால் பாடம் நடத்துவது மட்டுமில்லை. தெரிந்ததை வைத்துக்கொள்ளாமல் சொல்வதும்தான். நமக்குச் சொல்லாமல் விட்டார்கள். நாம் சொல்லுவோம்.

ஜெய் பீம்.