எபிசோட்: அரை சேர் மைதாவும் அப்பத்தாவோட கையும்

இன்னிக்கு கோடிங் பேச்சு இல்லை, பாதுஷா பேச்சு. ஆனா கடைசியில ஒரு பக் இருக்கு.

மேலூர் பக்கம் எங்க அப்பத்தா வீட்டுப் பரண்ல ஒரு சமையல் புத்தகம் கிடைச்சது. அட்டை இல்லை. ஒரு வனஸ்பதி கம்பெனி விளம்பரத்துக்காகப் போட்டது. அந்தக் காலத்துல இது பெரிய உத்தி. டால்டா 1937-ல வந்தது. நெய்யிலயே ஊறின ஊர்ல புதுசா ஒரு கொழுப்பை விற்கணும்னா, அதை வச்சு என்ன செய்யலாம்னு சொல்லிக் கொடுக்கணும். அதனால டால்டா பேர்லயே தமிழ் உட்பட பல மொழிகள்ல சமையல் புத்தகங்கள் வந்தன.

அப்பத்தாவுக்கு வயசு 88. புத்தகத்தைக் காட்டினதும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. "அதை ஏன்டா எடுத்த? அந்த பாதுஷாவாலதான் எனக்கு உருப்படாத கைனு பேரு வந்துச்சு." கல்யாணமான புதுசுல, முதல் தீபாவளிக்குச் செஞ்சிருக்காங்க. எண்ணெயில போட்டதும் எல்லாம் கரைஞ்சு போச்சு. மாமியார் நாலு பேர் முன்னாடி சொன்ன சொல்லு அது. அதுக்கப்புறம் அப்பத்தா இனிப்பு செஞ்சதே இல்லை. எங்க வீட்டுல தீபாவளி பலகாரம் எப்பவும் கடையிலதான்.

சரி, நானே செஞ்சு பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். புத்தகத்துல அளவு: மைதா அரை சேர், வனஸ்பதி 12 தோலா, கொஞ்சம் தயிர், சோடா உப்பு. 30 பாதுஷா வரும்னு போட்டிருக்கு. ஒரு தோலா 11.66 கிராம், அப்போ வனஸ்பதி 140 கிராம். சேர் எவ்வளவுன்னு அப்பத்தாவைக் கேட்டேன். "எட்டுப் பலம்." ஒரு பலம் மூணு தோலா. ஆக 24 தோலா, சுமார் 280 கிராம். அரை சேர்னா 140.

கீழமாசி வீதியில சாமான் வாங்கி வந்து பிசைஞ்சேன். மாவு 14 உருண்டைதான் வந்துச்சு. சட்டியில போட்டா, அப்பத்தா சொன்ன மாதிரியே கரைஞ்சு நுரையாப் போச்சு.

கொழுப்பு மாவைச் சுத்தி ஒட்டி, அது இழுபடாம தடுக்கும். அதனாலதான் பாதுஷா பொறுபொறுன்னு வருது. ஆனா மைதாவுக்குச் சமமா கொழுப்பு போட்டா பிடிச்சு நிற்க எதுவுமே இருக்காது. அளவு தப்புன்னு தெரிஞ்சுது. ஆனா எங்க?

30-க்கு 14. பாதிகூட இல்லை. அங்கதான் பொறி தட்டுச்சு. 1939-ல வந்த எடைச் சட்டப்படி சேர்னா 80 தோலா, அதாவது 933 கிராம். நம்ம மெட்ராஸ் சேர் 24 தோலா. ஒரே பேரு, மூணு மடங்குக்கு மேல வித்தியாசம். புத்தகம் எழுதினவங்க 80 தோலா கணக்குல எழுதியிருக்காங்க. அப்பத்தா நம்மூர்க் கடையில "அரை சேர்" கேட்டு வாங்கியிருக்காங்க. தோலா மட்டும் ரெண்டு கணக்குலயும் ஒண்ணுதான். அதனால வனஸ்பதி சரியா இருந்துச்சு, மைதா குறைஞ்சு போச்சு. 1958-லிருந்து கிலோ கணக்கு வந்து இந்தக் குழப்பமே மறைஞ்சு போச்சு. யாரும் திரும்பிப் பார்க்கலை.

ரெண்டாவது தடவை 467 கிராம் மைதா, அதே 140 கிராம். சின்னத் தீயில பொரிச்சேன். உருண்டை உடையாம மெதுவா மேல வந்துச்சு. சரியா 30.

ஒரு விஷயம். அப்பாவுக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வச்சாங்க. வனஸ்பதியில டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கு. ஆனாலும் அது கெட்டிக் கொழுப்புதான். அப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணு.

அப்பத்தாகிட்ட பேப்பர்ல ரெண்டு சேரையும் எழுதிக் காட்டினேன். "கையில தப்பில்ல அப்பத்தா, படிக்கல்லுலதான் தப்பு." ரொம்ப நேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒண்ணைப் பிட்டு வாயில போட்டாங்க.

"பாகு இன்னும் கொஞ்சம் இறுகணும். தள்ளு, அடுத்த ஈடு நான் போடுறேன்."

இந்த தீபாவளிக்கு எங்க வீட்டுல கடைப் பலகாரம் கிடையாது. உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு புத்தகம் இருந்தா எடுத்துப் பாருங்க. செய்யறதுக்கு முன்னாடி எந்த ஊர் சேர்னு மட்டும் கேட்டுக்கங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.