முதுகில் மூன்று பை

பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலையில் கலிபியே என்றொரு கணவாய். உயரம் 2,642 மீட்டர். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் ஜூலை வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட அதில் ஏறுவார்கள். அந்தக் காலத்தில் உச்சியைத் தொட்டதும் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வார்கள்.

படிப்பதற்கல்ல! அதிவேக இறக்கத்தில், நனைந்த சட்டைமேல் குளிர்காற்று மோதினால் நெஞ்சு விறைத்துவிடும். காகிதம் காற்றைத் தடுக்கும்.

1919-இல் அந்தப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை (பந்தயச் சட்டையை) யூஜின் கிறிஸ்டோஃப் முதன்முதலாக அணிந்தபோது, அது கம்பளிச் சட்டைகளின் காலம். மழையில் நனைந்தால் கனக்கும். இன்று பாலியெஸ்டர். பருத்தி வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டும். பாலியெஸ்டரோ அதை வெளிப்புறம் கடத்தி உலர்த்தும்.

கோடைக்கு வலைபோன்ற மெல்லிய துணியும் முழுநீள ஜிப்பும் நல்லது. குளிருக்கு, உட்புறம் பஞ்சுபோல் மென்மையான முழுக்கை ஜெர்சி. இரண்டுங்கெட்டான் வானிலையா? அரைக்கை ஜெர்சியோடு, கழற்றி மாட்டக்கூடிய தனிச் சட்டைக்கைகளும், காற்றைத் தடுக்கும் கையில்லாச் சட்டையும் போதும். வெயில் ஏறினால் சுருட்டி, ஜெர்சியின் முதுகில் தைத்திருக்கும் மூன்று பைகளில் ஒன்றில் வைத்துவிடலாம்.

அந்த மூன்று பைகளும் முதுகில் இருப்பது ஏன்? குனிந்து ஓட்டுகிறவருக்கு முன்பக்கப் பை தொங்கும், இடிக்கும். அதே காரணத்தால்தான் ஜெர்சி முன்னால் குட்டை, பின்னால் நீளம். கடைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, "அளவு தப்பு" என்று திருப்பிக் கொடுப்பவர்கள், ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம்!